மழைக்கு எல்லைக்கோடு

நிலத்துக்கு எல்லை எது என்று வழக்காடியவர்களை நாம் அறிவோம். ஒரு சாண் வரப்புக்காக மூன்று தலைமுறைச் சொத்தை வக்கீல் வீட்டு வாசலில் கொட்டிவிட்டு வந்த குடும்பங்கள் நம் ஊர்ப் பக்கங்களில் எத்தனையோ உண்டு. ஆனால் மழைக்கு எல்லை எது என்று வழக்கு நடந்ததாக நேயர்கள் கேள்வியுற்றிருக்கமாட்டார்கள். அப்படியும் ஒரு வழக்கு நடந்தது. 1945-ஆம் ஆண்டில் ஒரு நாள் முற்பகலில் பெய்த மழை எந்தக் கிராமத்தில் பெய்தது, எந்தக் கிராமத்தில் பெய்யவில்லை என்பதை ஜப்பான் தேசத்து ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம் 2015-ஆம் ஆண்டு தொடங்கி ஐந்து ஆண்டுகள் விசாரித்தது. வழக்குத் தொடுத்தவர்கள் 84 பேர். எல்லோரும் மூப்பெய்தியவர்கள். அவர்கள் கோரியது நிலமன்று, புலமன்று. தங்கள் நோய்க்கு மருத்துவ உதவி பெற உரிமை தரும் ஒரு சிறு கைப்புத்தகம்.

இம்மாதம் அந்தக் கைப்புத்தகத்தைப் பற்றியே நாம் எழுத விரும்புகிறோம். ஏட்டில் பெயர் இருப்பவனுக்கு ஒரு நியாயம், இல்லாதவனுக்கு வேறு நியாயம் என்பது எத்தகையது என்பதைப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி காலை 8 மணி 15 நிமிடத்துக்கு ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வெடித்தது. நகரம் பற்றி எரிந்தது. புகைக்கரியும் புழுதியும் கதிரியக்கத் துகள்களும் கலந்து வானில் எழுந்தன. அரை மணி நேரத்துக்குள்ளாகவே மழை தொடங்கிற்று. கரிய மழை. மை கரைத்தாற்போல் பெரிய துளிகளாக, நகரத்திலும் அதற்கு வடமேற்கே இருந்த மலைக் கிராமங்களிலும் அது பெய்தது. தாகத்தால் துடித்தவர்கள் வாயைத் திறந்து அந்த மழையைக் குடித்தார்கள். வெடிப்பின் வெப்பமோ காற்றோ எட்டாத தொலைவில் இருந்த கிராமங்களில் பிள்ளைகள் அதில் நனைந்து விளையாடினார்கள். வெள்ளைச் சட்டைகளில் கறை படிந்தது. கிணற்றிலும் ஓடையிலும் காய்கறித் தோட்டத்திலும் அது இறங்கிற்று. அந்த நீரைக் குடித்து அந்தக் கீரையைத் தின்று அவர்கள் வாழ்ந்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? அந்த மழை வழிந்து கறை பிடித்த ஒரு வீட்டுச் சுவரை ஹிரோஷிமா அமைதி நினைவுக் காட்சிச்சாலையில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

இத்தனை பேருக்கும் அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்டால், பன்னிரண்டு ஆண்டுகள் வரை ஏறத்தாழ ஒன்றும் செய்யவில்லை என்பதே விடை. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்கர்கள் ஓர் ஆராய்ச்சிக் குழுவை அங்கே நிறுவினார்கள். அது நோயாளிகளை வரவழைத்து, இரத்தம் எடுத்து, அளந்து, எழுதிக்கொண்டு திருப்பி அனுப்பியது. சிகிச்சை அதன் வேலையாக இருக்கவில்லை. தங்களைப் பரிசோதனைப் பிராணிகளாக நடத்தினார்கள் என்ற மனக்கசப்பு அந்நகரத்து மக்களுக்கு நெடுநாள் நீடித்ததில் வியப்பில்லை. பிறகு 1954-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதி பிக்கினித் தீவில் அமெரிக்கர் நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல், தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகில் வந்து விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றனர். ஒருவர் அவ்வாண்டே இறந்தார். அதன் பிறகுதான் ஜப்பான் தேசம் முழுவதும் கொதித்தெழுந்தது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் ஒதுங்கிக் கிடந்தவர்களைப் பற்றிய நினைவும் அப்போதுதான் வந்தது. 1957-ஆம் ஆண்டில் மருத்துவ உதவிச் சட்டம் நிறைவேறிற்று.

சட்டம் நான்கு வாயில்களைத் திறந்தது. குண்டு வெடித்தபோது நகரத்திலோ குறிப்பிட்ட அண்டைப் பகுதிகளிலோ இருந்தவர்கள் முதல் வாயில். வெடித்த இரண்டு வாரங்களுக்குள், உறவினரைத் தேடியோ வேறு காரியமாகவோ, வெடிப்பின் மையத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டருக்குள் நுழைந்தவர்கள் இரண்டாவது. பிணங்களை அகற்றியவர்களும் காயமுற்றோரைப் பேணியவர்களும், வேறு வகையில் கதிரியக்கத்தின் பாதிப்புக்கு ஆளாகும் சூழ்நிலையில் இருந்தவர்களும் மூன்றாவது. இவர்களின் கருவில் இருந்த சிசுக்கள் நான்காவது. இந்த நான்கில் ஒன்றில் புகுந்தவருக்குக் கைப்புத்தகம் கிடைக்கும். கைப்புத்தகம் இருந்தால் மருத்துவச் செலவில் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டிய பங்கை அரசாங்கம் ஏற்கும். 1968-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, குறிப்பிட்ட நோய்கள் உள்ளவருக்கு மாத உதவித்தொகையும் உண்டு. மொத்தத்தில் நல்ல சட்டம்தான். நோய்க்குக் காரணம் குண்டுதான் என்று நிரூபி என்று கைப்புத்தகத்துக்காக அது கேட்கவில்லை. எங்கே இருந்தாய், எப்போது இருந்தாய் என்று மட்டுமே கேட்டது.

ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான் எளிதாக இல்லை. நகரமே சாம்பலானபோது அதில் இருந்தவன் அங்கே இருந்ததற்குக் காகிதம் எங்கிருந்து கொண்டுவருவான்? அத்தாட்சிப் பத்திரம் இல்லாதவர், அன்று தம்மைப் பார்த்ததாகச் சொல்லும் இரண்டு சாட்சிகளையாவது காட்டும்படி கேட்கப்பட்டார். குடும்பத்தில் தாம் ஒருவரே பிழைத்தவர் யாரைக் காட்டுவார்? அன்று மூன்று வயதுக் குழந்தையாக இருந்தவர் தம்மை இடுப்பில் சுமந்து ஓடியவர் எவரென்றே அறியமாட்டார். ரேஷன் கார்டில் பெயர் ஏற்றவும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் இருப்பிடச் சான்றுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய நம் அன்பர்கள் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். உயிரோடு எதிரே நிற்பவனைப் பார்த்து, நீ இங்கேதான் இருக்கிறாய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பது நம் நாட்டு அலுவலகங்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று என்பது இதனால் தெளிவாகிறது.

மற்றொன்றும் உண்டு. குண்டுக்கு ஆளானவர் என்று வெளியே தெரிந்தால் அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்கத் தயங்கினார்கள். பெண் கொடுக்கவும் தயங்கினார்கள். பிறக்கும் பிள்ளை எப்படி இருக்குமோ என்ற அச்சம். வேலை கொடுப்பவரும் தயங்கினார். ஆகவே தாய்மார் தம் மகளின் கல்யாணம் முடியும்வரை வாய் திறவாமல் இருந்தார்கள். கைப்புத்தகத்துக்கு மனுச் செய்வது, தன் பெயரைத் தானே ஒரு பட்டியலில் எழுதிக்கொள்வது போலாயிற்று. மகளுக்கும் பேத்திக்கும் கல்யாணம் ஆன பிறகு, அறுபது வயதில் மனுவை எடுத்துக்கொண்டு போனவரிடம், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்ற கேள்வி காத்திருந்தது. ஜாதகத்தில் ஒரு தோஷம் என்றாலே ஊரை மாற்றிச் சொல்லும் நம் சமூகத்துக்கு இந்தத் தாய்மாரின் மௌனம் புரியாமற்போகாது.

இனி மழைக்கு வருவோம். நகரத்துக்கு வெளியே, கரிய மழையில் மட்டும் நனைந்தவர்கள் எந்த வாயிலில் நுழைவது? நெடுங்காலம் எதிலும் இடமில்லை. அவர்களும் இடைவிடாமல் கேட்டு வந்தார்கள். 1976-ஆம் ஆண்டில் அரசாங்கம் வரைபடத்தில் ஒரு கோடு போட்டது. சுமார் 19 கிலோமீட்டர் நீளமும் 11 கிலோமீட்டர் அகலமும் உள்ள முட்டை வடிவம். அதற்குள் பலத்த மழை பெய்தது என்றும், அங்கே இருந்தவர்களுக்கு இலவச உடற்பரிசோதனை உண்டு என்றும், அதில் குறிப்பிட்ட நோய் கண்டால் கைப்புத்தகம் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். கோட்டுக்கு வெளியே மழை இலேசாகப் பெய்ததாம். அங்கே இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

அந்தக் கோடு வந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போர் முடிந்த அதே 1945-ஆம் ஆண்டில், ஹிரோஷிமா வானிலை நிலையத்தைச் சேர்ந்த ஊடா மிச்சிதாக்கா என்பாரும் அவருடைய சகாக்கள் சிலரும், அழிந்த நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் அலைந்து, எங்கே எவ்வளவு நேரம் மழை பெய்தது என்று கண்டவர்களைக் கேட்டு எழுதினார்கள். ஆள் பற்றாக்குறை, உணவுப் பற்றாக்குறை, சாலை இல்லை. அந்த நிலையில் அவர்கள் செய்த காரியத்தை நாம் கைகூப்பிப் போற்ற வேண்டும். ஆயினும் அவர்கள் போகாத ஊர்கள் பல. அவர்கள் வரைந்தது ஓர் ஆராய்ச்சிப் படம். யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று பிரிப்பதற்காக அவர்கள் அதை வரையவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அரசாங்கம் அந்தப் படத்தை எடுத்து அதையே சட்டத்தின் எல்லையாக்கிற்று. சில இடங்களில் ஓர் ஆறே எல்லை ஆயிற்று. இக்கரையில் நனைந்தவனுக்குப் பரிசோதனை உண்டு. அக்கரையில் நனைந்தவனுக்கு இல்லை. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இருந்திருக்கலாம். பிற்காலத்தில் வேறு அறிஞர்கள் ஊர் ஊராகச் சென்று விசாரித்தபோது மழை பெய்த பரப்பு அந்த முட்டை வடிவத்தைப் போல் பன்மடங்கு என்று கண்டார்கள். கோடு மட்டும் அசையவில்லை.

அரசாங்கத்தின் பக்கத்து வாதத்தையும் கேட்பதே முறை. புற்றுநோயின்மீது எந்த முத்திரையும் குத்தப்பட்டிருப்பதில்லை. குண்டே விழாத ஊரிலும் மனிதர்களுக்குப் புற்றுநோய் வருகிறது, கண்ணில் திரை படர்கிறது, இருதயம் பழுதடைகிறது. இரு நகரங்களிலும் 1950-ஆம் ஆண்டு முதல் சுமார் 1,20,000 பேரைத் தொடர்ந்து கவனித்து வரும் ஆராய்ச்சி, கதிரியக்கத்தின் அளவு ஏற ஏறப் புற்றுநோயின் அபாயமும் ஏறுகிறது என்று காட்டியிருக்கிறது. வெடித்த கணத்தில் பாய்ந்த கதிர்களோ மையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகமாகக் குறைந்துவிடுகின்றன. பொதுப் பணத்தைக் கொடுப்பவர்கள் எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தத்தான் வேண்டும். விஞ்ஞான ஆதாரம் இல்லாமல் கோட்டை நகர்த்தினால் அடுத்த ஊர்க்காரன் கேட்பான். இதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்தக் கணக்கு, வெடித்த கணத்தில் வெளியிலிருந்து பாய்ந்த கதிர்களை நன்றாக அளக்கிறது. கிணற்று நீரோடும் கீரையோடும் வயிற்றுக்குள் சென்றதை அந்த அளவுக்கு அளக்க வழியில்லை. எழுபது ஆண்டுக்கு முன் எத்தனை செம்பு நீர் குடித்தாய் என்று யாரைக் கேட்பது? அளக்க முடியாததை இல்லாதது என்று எழுதிக்கொள்வதுதான் நமக்கு உடன்பாடில்லை.

நோயே குண்டினால் வந்தது என்று தனியே அங்கீகாரம் பெற்றால் கிடைக்கும் தொகை, சாதாரண உதவித்தொகையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அங்கே வாயில் இன்னும் குறுகல். நெடுங்காலம் கைப்புத்தகம் உடையவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அது கிடைக்கவில்லை. நாகசாகியில் குழந்தைப் பருவத்தில், மையத்திலிருந்து சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவில், பறந்து வந்த ஓடு தலையில் தாக்கிப் பாதி உடல் செயலிழந்த ஒரு பெண்மணி வழக்காடி, 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அடுத்த ஆண்டே அதிகாரிகள் ஒரு புதுக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். மனுதாரரின் நோய்க்குக் குண்டு காரணமாயிருக்கக்கூடிய விகிதத்தை அட்டவணை பார்த்துச் சொல்வது. நூற்றுக்குப் பத்துக்குக் கீழ் என்றால் பெரும்பாலும் தள்ளுபடி. தோற்ற கட்சிக்காரன் மறுநாளே பந்தய விதியை மாற்றியது போன்றது இது. 2003-ஆம் ஆண்டு முதல் 306 பேர் பல ஊர்களில் வழக்குத் தொடுத்தார்கள். அரசாங்கம் அடுத்தடுத்துத் தோற்று, 2008-இல் விதியைத் தளர்த்தி, 2009 ஆகஸ்டில் சமரசத்துக்கு வந்தது.

கரிய மழை வழக்கின் தீர்ப்பு 2020 ஜூலை 29-ஆம் தேதி வெளியாயிற்று. 84 பேருக்கும் கைப்புத்தகம் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டில் ஹிரோஷிமா உயர்நீதிமன்றம் 2021 ஜூலை 14-ஆம் தேதி அதையே உறுதி செய்து, இன்னும் ஒரு படி மேலே சென்றது. கதிரியக்கத்தால் உடல்நலக் கேடு விளைந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாத நிலையில் ஒருவர் இருந்தார் என்றால் அதுவே போதும். கரிய மழையில் நனையாவிட்டாலும், அது கலந்த நீரையும் காய்கறியையும் உட்கொண்டவரும் அதில் அடங்குவர் என்றது. அப்போதைய பிரதம மந்திரி ஸுகா உச்ச நீதிமன்றத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தார். 2022 ஏப்ரல் முதல் மற்றவர்களுக்கும் வழி திறந்தது. ஆயினும் பதினொரு வகை நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். நோயைக் காட்டச் சொல்லி உயர்நீதிமன்றம் கேட்கவில்லை. அந்தத் தீர்ப்புகளுக்குமுன் மனுதாரரில் சிலர் இறந்துபோயிருந்தார்கள்.

நேயர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய பகுதி இன்னொன்று உண்டு. குண்டு விழுந்த நாளில் அவ்விரு நகரங்களிலும் பல்லாயிரம் கொரியர் இருந்தார்கள். அவர்கள் நாடு 1910 முதல் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. பிழைப்புத் தேடி வந்தவர்களும் உண்டு. கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. கொரியாவில் ஹப்சோன் என்னும் ஒரே பகுதியிலிருந்து மிகப் பலர் ஹிரோஷிமாவுக்குப் போயிருந்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒருவர் கையைப் பிடித்து ஒருவராகப் பம்பாய்த் தாராவிக்கு வந்து சேர்ந்தார்களே, அதுபோல. பிழைத்தவர்கள் போருக்குப் பின் ஊர் திரும்பினார்கள். அதனால் இன்றும் ஹப்சோனைக் கொரியாவின் ஹிரோஷிமா என்று அழைக்கிறார்கள். ஆனால் அங்கே அவர்களைக் கேட்பாரில்லை. ஜப்பானியச் சட்டமோ கடலுக்கு அப்பால் செல்லவில்லை.

1970-ஆம் ஆண்டு டிசம்பரில் சோன் ஜின் தூ என்னும் கொரியர் வைத்தியம் செய்துகொள்வதற்காகக் கள்ளத் தோணியில் ஜப்பானுக்கு வந்து பிடிபட்டார். பிடிபட்ட நிலையிலேயே கைப்புத்தகம் கேட்டு மனுச் செய்தார். மறுத்தார்கள், வழக்காடினார். 1974-இல் கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது: கைப்புத்தகம் பெற்றவர் ஜப்பானை விட்டு வெளியேறினால் உதவித்தொகைக்கான உரிமை போய்விடும். 1978-இல் உச்ச நீதிமன்றமும் அவருக்கே வெற்றி தந்தது. போரை நடத்திய அரசு செலுத்த வேண்டிய ஈட்டின் தன்மை இச்சட்டத்தின் அடிப்படையில் இருக்கிறது என்றும், சட்டவிரோதமாக நுழைந்தவர் என்பதால் அதை மறுக்கக்கூடாது என்றும் சொல்லிற்று. ஆனால் சுற்றறிக்கை நிலைத்தது. கப்பல் ஏறி வந்து கைப்புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். ஊர் திரும்பினால் பணம் நின்றுவிடும். பிரேசிலுக்கும் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்த ஜப்பானியருக்கும் இதே கதிதான். எல்லையைத் தாண்டியதும் உடம்பிலிருந்த கதிரியக்கம் இறங்கிப் போய்விட்டதா என்ன? குவாக் குவி ஹூன் என்னும் மற்றொரு கொரியர் வழக்காடி 2002-இல் ஒஸாக்கா உயர்நீதிமன்றத்தில் வென்ற பிறகே, 2003-இல் அந்தச் சுற்றறிக்கை ஒழிந்தது. வெளிநாட்டில் வசிப்பவருக்கும் மருத்துவச் செலவு முழுவதையும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2015 ஆகவேண்டியிருந்தது.

ஜப்பானை மட்டும் குறை சொல்வது தகாது. குண்டைச் செய்த அமெரிக்காவிலேயே, உலகின் முதல் அணுகுண்டு 1945 ஜூலை 16-ஆம் தேதி நியூ மெக்ஸிக்கோவில் வெடித்துப் பார்க்கப்பட்டது. 1990-இல் அந்நாடு நஷ்டஈட்டுச் சட்டம் கொண்டுவந்து, நெவாடாச் சோதனைகளின் சாம்பல் விழுந்த சில பகுதிகளின் மக்களுக்குப் பணம் கொடுத்தது. முதல் குண்டின் அண்டையில் வாழ்ந்த நியூ மெக்ஸிக்கோ மக்களை அது சேர்க்கவே இல்லை. அவர்கள் பெயர் சட்டத்தில் ஏறியது 2025 ஜூலையில். எண்பது ஆண்டுகள் கழித்து. நம் டில்லியிலும் 2010-இல், ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய கருவியிலிருந்த கோபால்ட்-60 மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் வெட்டப்பட்டு, பலர் நோயுற்று, ஒருவர் மாண்டார். மருத்துவமனையில் படுத்தவர்களின் பெயர் ஏட்டில் இருக்கும். அந்தச் சந்தில் அந்நாட்களில் மூட்டை சுமந்து போய் வந்தவர்களின் பெயரை எழுதி வைத்தவர் யார்?

நாகசாகிக்கு வருவோம். அங்கே எல்லை இன்னும் விசித்திரமானது. குண்டு விழுந்த நாளில் நாகசாகி நகராட்சியின் எல்லை எதுவோ அதையே பெரும்பாலும் சட்டத்தின் எல்லையாக வைத்தார்கள். நகரம் வடக்குத் தெற்காக நீண்டது; ஆகவே அத்திசையில் சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தவரும் உள்ளே; கிழக்கு மேற்கில் ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர் வெளியே. காற்று நகராட்சி எல்லையைப் பார்த்து வீசுவதில்லை என்று அம்மக்கள் வாதாடினார்கள். 2002-இல் அவர்களுக்காக ஒரு தனித் திட்டம் வந்தது. வெடிப்பைக் கண்ட அதிர்ச்சியால் விளைந்த மனநோய்க்கும் அதைச் சார்ந்த நோய்களுக்கும் மட்டும் வைத்தியம். கதிரியக்கத்தால் ஒன்றும் நேரவில்லை என்பது அதன் அடிப்படை. வயிற்று நோய்க்கு மருந்து வேண்டுமானால் மனம் கெட்டிருப்பதாக முதலில் எழுதி வாங்க வேண்டும். 387 பேர் தொடுத்த வழக்கை 2017-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

மீண்டும் 44 பேர் வழக்காடினார்கள். 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி நாகசாகி மாவட்ட நீதிமன்றம், கிழக்கே சில பழைய கிராமங்களில் கரிய மழை பெய்தது என்று ஏற்று 15 பேருக்கு மட்டும் கைப்புத்தகம் கொடுக்கச் சொல்லி, மற்ற 29 பேரைத் தள்ளிற்று. மழையைப் பிரித்த கோடு இம்முறை வாதிகளின் நடுவிலேயே விழுந்தது. பிரதம மந்திரி கிஷிதா, எல்லோருக்கும் கைப்புத்தகம் உள்ளவருக்கு நிகரான மருத்துவச் செலவைத் தருவதாக அறிவித்தார். அதே சமயம் அரசாங்கம் அந்தத் தீர்ப்பின்மீது மேல்முறையீடும் செய்தது. மருந்துக்குப் பணம் உண்டு; குண்டுக்கு ஆளானவர் என்ற பெயர் இல்லை. பணம் தர மனமிருக்கும்போது பெயரை மட்டும் ஏன் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை.

2025 மார்ச்சு மாதக் கணக்கில் கைப்புத்தகம் உடையவர்கள் 99,130 பேர். லட்சத்துக்குக் கீழே அந்த எண்ணிக்கை இறங்கியது அதுவே முதல் தடவை. அவர்களின் சராசரி வயது 86. நாகசாகி வழக்கைத் தொடுத்தவர்களில் சிலர் தீர்ப்பைக் கேட்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். எஞ்சியவர்களில் மிக இளையவருக்கும் அன்று எண்பதை ஒட்டிய வயது.